கிண்டியில் வரைந்த படம்

ஒரு பொருள் ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்று வினவும்போது, அது வேறு எந்த வடிவிலும் இருக்க இயலாது என்பதே விடையாகக் கிடைக்குமானால், அந்த விடையால் அறிவுக்கு உண்டாகும் திருப்திக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமமாவது எவருடைய விருப்பத்தாலும் நிகழ்வதன்று, க்ஷேத்திர கணிதத்தின் நியதி என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்; ஆனால் நம் சரீரத்திலுள்ள தசையும், அத்தசையை எலும்போடு பிணைக்கும் நாணும், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினும் அதே நியதிக்கு அடங்கித்தான் உருக்கொண்டிருக்கின்றன என்று சொன்னால், படித்தவர்கள்கூடச் சற்றே தயங்குகிறார்கள். ஜீவசாஸ்திரம் என்பது மனப்பாடம் செய்யவேண்டிய பெயர்களின் தொகுதி, கணிதத்துக்கு அஞ்சும் பிள்ளைகள் ஒதுங்குவதற்கு ஏற்ற இடம் என்ற அபிப்பிராயம் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. அது தவறான அபிப்பிராயம் என்பதையும், அதைத் தவறென்று உலகம் ஒப்பும்படி நிரூபித்தவர்களுள் முன்வரிசையில் நின்றவர் சென்னை கிண்டியில் இருந்து உழைத்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் என்பதையும், அவருடைய பெயரும் பணியும் பினாங்கிலுள்ள நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படவேண்டும் என்பதையும் எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறேன்.

ஜி. என். ராமச்சந்திரன் என்று விஞ்ஞான உலகம் அறியும் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆகவே கோடும் கோணமும் மகனுக்குப் பிதுரார்ஜிதமாகவே வாய்த்தன எனலாம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தவரை, அங்கே பௌதிகத் துறையை நடத்திவந்த சர் சி. வி. ராமன், இவர் இருக்கவேண்டிய இடம் தம் துறையே என்று கண்டு தம்மிடம் சேர்த்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில், கவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இரண்டாண்டு உழைத்து 1949இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த லட்சுமணசாமி முதலியார் பௌதிகத் துறையின் தலைமையை ஏற்குமாறு முதலில் ராமனையே வேண்டியதும், ராமன் தமக்குப் பதிலாக இந்த இளைஞரைச் சுட்டிக்காட்டியதும், 1952இல், முப்பது வயது நிரம்பும் தறுவாயில், அவர் ஒரு துறையின் தலைவராகச் சென்னைக்கு வந்து சேர்ந்ததும் இன்று சரித்திரம். அந்த ஆண்டுகளில் நம் பெரியோர் ரஜூலாக் கப்பலேறிச் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், இது நமக்கு அத்தனை தூரத்துக் கதையன்று.

புதிய துறையில் எந்தப் பொருளை எடுத்து ஆராய்வது என்ற யோசனையில் அவர் இருந்தபோது, சென்னைக்கு வந்திருந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் திருப்திகரமாக நிர்ணயிக்கப்படவில்லை என்று உரையாடலில் குறிப்பிட்டார். கொலாஜன் நமக்கு அந்நியமான வஸ்துவன்று. தோலுக்கும் எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அதுதான். நம் சரீரத்திலுள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அதுவேயாகும். ஜார்ஜ் டவுனில் இரவுக் கடைகளில் விற்கும் ஆட்டுக்கால் சூப்பை வாங்கிவந்து, மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலையில் அது கட்டியாக உறைந்து நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நெடுநேரம் கொதித்ததில் எலும்பிலும் நாணிலும் இருந்த கொலாஜன் முறுக்கவிழ்ந்து ஜெலட்டினாக மாறியதே அதற்குக் காரணம். அவிழ்வதற்கு முன் அந்த முறுக்கு எத்தகையதாக இருந்தது என்பதே கிண்டியில் எழுந்த கேள்வி.

கிண்டி வளாகத்துக்கு அண்டை வீடுபோல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தான். ஆகவே ஆராயும் பொருளையும் அதை அறிந்தவர்களையும் தேடி வெகுதூரம் போகவேண்டிய அவசியம் நேரவில்லை. ராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அத்தகைய படத்தில் புரதத்தின் உருவம் நேராகத் தெரிந்துவிடாது. சில புள்ளிகளும் சில வளைவுகளும் விழும். அவற்றின் இடைவெளியை அளந்து, எந்த அமைப்பு இருந்தால் இந்தப் புள்ளிகள் இப்படி விழும் என்று பின்னோக்கி அனுமானிக்கவேண்டும். அந்த அனுமானத்துக்கு ரசாயன நிபுணர்கள் கண்டறிந்திருந்த ஓர் உண்மை கைகொடுத்தது. புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் பலவாறு தொடுத்த நெடுஞ்சங்கிலி. கொலாஜனில் அவற்றுள் மிகச் சிறியதான கிளைசின் மாத்திரம் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இவ்வளவு சரியாக மூன்றில் ஒன்று என்பது தற்செயலாக இருக்கமுடியாது என்று அவர்கள் கருதினார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. அவை நெருங்கும் நடு அச்சில் இடமே இல்லை. ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பக்கக்கிளையாகக் கொண்ட கிளைசினைத் தவிர வேறொன்றும் அங்கே நுழைய முடியாது. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் அந்த அச்சை நோக்கித் திரும்புவதால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசினே இருந்தாகவேண்டும். 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி நேச்சர் இதழில் இந்த மூவிழை அமைப்பு வெளிவந்தது. மூன்று இழைகளும் சேர்ந்து ஒரு பெருந்திருகாக முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்ற திருத்தத்துடன் 1955இல் மறுபடியும் வெளிவந்தது.

இது ஏட்டுச் சித்தாந்தமாக நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பிறவியிலேயே எலும்பு எளிதில் நொறுங்கிவிடும் நோயோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களில் பலருக்குக் கொலாஜன் சங்கிலியில் ஏதோ ஓரிடத்தில் கிளைசின் இருக்கவேண்டிய ஸ்தானத்தில் அதைவிடப் பெரிய வேறோர் அமினோ அமிலம் வந்து அமர்ந்திருக்கிறது. ஆயிரம் கண்ணிகள் கொண்ட சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி, அதுவும் சில அணுக்கள் மிகுந்த வேறுபாடு. ஆனால் நடு அச்சில் இடமில்லை என்ற க்ஷேத்திர கணித நியதி தளர்ந்து கொடுப்பதில்லை. திருகு அந்த இடத்தில் பிதுங்குகிறது, எலும்பு வலுவிழக்கிறது. முற்காலத்துக் கப்பற்காரர்களை வாட்டிய ஸ்கர்வி நோயும் இதே இழையைச் சேர்ந்ததுதான். கொலாஜனிலுள்ள புரோலின் என்ற கண்ணிகளில் பல, வைட்டமின் சியின் துணையால் ஓர் ஆக்ஸிஜன் அணுவை ஏற்றுக்கொண்டால்தான் முறுக்கு உறுதிப்படும். எலுமிச்சையும் ஆரஞ்சும் இன்றி மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்களின் சரீரத்தில் புதிதாக உண்டான கொலாஜன், உடல் வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும் பலவீனத்துடன் பிறந்தது. ஈறு கசிந்ததும் ஆறிய புண் மீண்டும் திறந்ததும் அதனால்தான்.

கிண்டியின் முடிவை உலகம் அப்படியே தலைமேல் வைத்துக்கொள்ளவில்லை. அலெக்ஸாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் 1955இல் தாங்கள் வெளியிட்ட அமைப்பில், மூன்று இழைகள் என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டே, சென்னை அமைப்பில் சில அணுக்கள் இருக்கத்தகாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று ஆட்சேபித்தார்கள். மூன்று கண்ணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ராமச்சந்திரன் கொண்டதை மறுத்து, ஒன்றுதான் சாத்தியம் என்றார்கள். அந்த ஒரு நுணுக்கத்தில் அவர்களுடைய கணிப்பே நிலைத்தது. கொலாஜனைப் போன்ற ஒரு சிறு புரதத்தின் படிகம் 1994இல் துல்லியமாக ஆராயப்பட்டபோது அது உறுதியாயிற்று. ஆனால் ராமச்சந்திரன் அந்த ஆட்சேபத்தை எதிர்கொண்ட விதத்தையே நான் அவருடைய பெருமைகளுள் தலையாயதாக மதிக்கிறேன். அணுக்கள் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கிவிட்டன என்கிறார்களே, நெருங்கக்கூடிய எல்லைதான் எது, அதை யார் அளந்தார்கள் என்று அவர் கேட்டார். தம் வாதத்தை நிலைநாட்டும் பிரயத்தனத்தில் தொடங்கிய கேள்வி, கொலாஜனை விட்டு வெளியேறி, உலகத்திலுள்ள எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான கேள்வியாக வளர்ந்தது.

விடை தேடி ராமச்சந்திரனும் அவருடன் உழைத்தவர்களும் அதுவரை வெளியாகியிருந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி, எந்த இரு அணுக்கள் எவ்வளவு தூரம்வரை நெருங்கியிருக்கின்றன என்று தொகுத்தார்கள். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்கள் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராமுக்கு உள்ளே வருவதில்லை. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் 2 ஆங்ஸ்ட்ராமுக்கு உள்ளே வருவதில்லை. நெருக்கடி மிகுந்த இடங்களில் அதிலிருந்து ஒன்றிரண்டு தசமம் குறையலாம், அவ்வளவே. அணு ஏன் இப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறது என்றால், அங்கே பௌதிகம் பேசுகிறது: ஓர் அணுவின் எலெக்ட்ரான்கள் வகிக்கும் நிலையில் மற்றோர் அணுவின் எலெக்ட்ரான்கள் வந்து புகுவதற்கு இயற்கை இடங்கொடுப்பதில்லை. பௌலி கண்ட இந்த விதியினால்தான் மேசை மேசையாகவும் கை கையாகவும் நிற்கின்றன.

இனி சங்கிலியைப் பார்ப்போம். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று சேரும் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பின் தன்மையுடையது. ஆகவே அது முறுக்க முடியாதது. அதைச் சூழ்ந்த ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் தட்டையாக நிற்கும். இதை நன்கு உணர்ந்தவர் லைனஸ் பாலிங். 1948இல் ஆக்ஸ்போர்டில் ஜலதோஷத்தோடு படுத்திருந்தவர், ஒரு காகிதத்தில் இந்தச் சங்கிலியை வரைந்து, தட்டையாக இருக்கவேண்டிய இடங்களை அப்படியே விட்டுத் திரும்பக்கூடிய இடங்களில் மாத்திரம் மடித்துப் பார்த்தே, ஒரு சுற்றுக்கு 3.6 கண்ணிகள் கொண்ட ஆல்ஃபா திருகை முதன்முதலில் கண்டார். அது 1951இல் வெளிவந்தது. புரதம் என்பது ஆக, மூலைக்கு மூலை இணைத்த தட்டை அட்டைகளின் வரிசை. இணைக்கும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கார்பன் அணு. அதன் இரு பக்கத்திலும் சுழலக்கூடிய இரண்டு கீல்கள். அந்த இரண்டு கீல்களும் எத்தனை பாகை திரும்பியிருக்கின்றன என்று ஒவ்வொரு மூலைக்கும் சொல்லிவிட்டால், முதுகெலும்புபோல் ஓடும் சங்கிலியின் முழு உருவத்தையும் சொல்லியதாகும். ஃபை என்றும் சை என்றும் கிரேக்க எழுத்துகளால் வழங்கும் இரண்டு கோணங்களே புரதத்தின் உருவத்தை ஆளுகின்றன.

ராமச்சந்திரனும், சி. ராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும் செய்தது இதுதான்: இந்த இரண்டு கோணங்களையும் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எந்த அணுவோடு மோதுகிறது என்று மேசைக் கணக்குப்பொறியின் துணைகொண்டு கணக்கிட்டு, மோதல் நேராத நிலைகளை மாத்திரம் ஒரு சதுரத் தாளில் குறித்தார்கள். ஒரு கோணத்துக்கு 360 பாகை, மற்றொன்றுக்கு 360 பாகை. தாளில் எங்கு வேண்டுமானாலும் புள்ளி விழலாம் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். ஆனால் தாளின் பெரும்பகுதி விலக்கப்பட்ட பிரதேசமாயிற்று. அகன்ற கடலின் நடுவே சில தீவுகள்போல, நெருக்கடியைத் தாராளமாக அனுமதித்தாலும் கால் பங்குக்கும் குறைவான நிலப்பரப்பே புரதம் வாழத் தக்கதாக எஞ்சியது. பாலிங்கின் ஆல்ஃபா திருகு ஒரு தீவில்; பட்டிழையிலும் வேறு பல புரதங்களிலும் காணும் பீட்டா விரிப்பு மற்றொரு தீவில்; கொலாஜனின் இழையும் அதன் அருகிலேயே. பக்கக்கிளையில் கார்பனே இல்லாத கிளைசினுக்கு மாத்திரம் நிலம் பரந்து கிடந்தது. சங்கிலி திடீரென்று திரும்பவேண்டிய முனைகளில் கிளைசின் அடிக்கடி தென்படுவதன் ரகசியமும் அதுவே. 1963இல் ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி இதழில், 95ஆம் பக்கத்திலிருந்து 99ஆம் பக்கம்வரை, ஐந்தே பக்கங்களில் இது வெளிவந்தது. ராமச்சந்திரன் படம் என்று உலகெங்கும் உயிர்வேதியியல் கற்கும் மாணவர்கள் தங்கள் பாடநூலில் காண்பது அதைத்தான்.

இந்தப் பணியின் அழகை நான் எவ்வளவு சொன்னாலும் தகும். பெரிய இயந்திரம் ஏதுமில்லை. நுட்பமான சக்திக் கணக்குகூட இல்லை. அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாகப் பாவித்து, அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது என்ற ஒரே விதியை மாத்திரம் விடாமல் பின்பற்றினார்கள். அப்போது விரிவாக அறியப்பட்டிருந்த புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கெண்ட்ரூ என்ற விஞ்ஞானி அமைப்பை நிர்ணயித்த மயோகுளோபினே அவற்றுள் தலையாயது. அன்றிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் நிர்ணயிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் கோணங்களைக் குறித்தால், மிகச் சிலவற்றைத் தவிர, புள்ளிகள் கிண்டியில் குறித்த அந்தத் தீவுகளிலேயே வந்து குவிகின்றன. ஏழை நாட்டின் ஒரு பல்கலைக்கழகத்தில், விடுதலை பெற்றுப் பதினாறு ஆண்டுகளே ஆன வேளையில், சிந்தனையின் கூர்மையை மாத்திரம் முதலாக வைத்து இப்படியொன்றைச் செய்ய முடிந்தது என்பது, வசதி போதாது என்று சொல்லிச் சோர்ந்துவிடும் நம் வழக்கத்துக்கு நேரான மறுப்பு.

எது கூடாது என்பதைப் படம் சொல்லிவிட்டது. கூடுவனவற்றுள் எதைச் சங்கிலி தேர்ந்துகொள்ளும் என்பது பௌதிகத்தின் வேலை. நூறு கண்ணிகள் உள்ள ஒரு சிறு புரதத்தில் ஒவ்வொரு கண்ணிக்கும் மூன்றே நிலைகள் என்று வைத்துக்கொண்டாலும், சாத்தியமான உருவங்களின் எண்ணிக்கை 5 எழுதி அதன்பின் 47 சுழிகள் இட்ட தொகையாகிறது. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கப் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. ஆனால் புரதமோ பெரும்பாலும் விநாடிகளுக்குள், சில வேளை அதனினும் விரைவாக, தன் உருவை அடைந்துவிடுகிறது. சைரஸ் லெவிந்தால் 1969இல் எடுத்துரைத்த புதிர் இது. தேடல் குருட்டுத்தனமானதன்று என்பதே இதற்கு இன்று நாம் சொல்லும் விடை. சங்கிலியின் பக்கக்கிளைகளில் சில எண்ணெயின் இயல்புடையவை. தண்ணீரோடு அவை பொருந்தா. அவற்றைச் சூழும் தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் சுதந்திரத்தை இழந்து வரிசைகட்டி நிற்க நேர்வதால், அவை உள்ளே ஒதுங்கித் தண்ணீரை விடுவிப்பதே இயற்கைக்கு உகந்ததாகிறது. உள்ளே சென்ற சங்கிலி தன் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தனக்குள்ளேயே தேடிக்கொள்ளவேண்டும். அதற்கு மிக எளிதாக வசதி தருவன படத்தின் தீவுகளில் உள்ள திருகும் விரிப்புமே. இவ்வாறு தண்ணீர் ஒருபுறம் தள்ள, அணுக்களின் பருமன் மறுபுறம் தடுக்க, நடுவே கிடைத்த குறுகிய வழியில் புரதம் இறங்கிச் சென்று அமர்கிறது. அமர்ந்த நிலையும் மிகுந்த பலமுடையதன்று. சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் வலிமைக்கு மேற்படாத ஆதாரத்தில்தான் பெரும்பாலான புரதங்கள் உருக்குலையாமல் நிற்கின்றன. முட்டையின் வெண்கரு சிறிது சூட்டிலேயே வெளுத்துக் கெட்டியாவது அதனால்தான். எனினும் அவிழ்த்த சங்கிலி தானே மறுபடியும் மடியும் என்பதை ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியைக் கொண்டு நிரூபித்துக் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 1972இல் நோபல் பரிசு பெற்றார். வெளியிலிருந்து ஒருவர் வந்து கற்பிக்கவேண்டியதில்லை, உருவத்துக்கு வேண்டிய உபதேசம் முழுவதும் சங்கிலியின் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

இப்போது சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்புகிறார்கள். 2020இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி முறை, வரிசையைக் கொடுத்தால் உருவத்தைச் சொல்லிவிடும் திறமையை நிரூபித்துவிட்டது. 2022க்குள் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் உருவங்களை ஊகித்து எவரும் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். டெமிஸ் ஹஸாபிஸும் ஜான் ஜம்பரும், புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கரும் 2024இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றுவிட்டார்கள். இனிக் கோணமும் கணக்கும் கற்பது எதற்கு என்பது ஆட்சேபிப்பவர்களின் கேள்வி. எனக்கு இதில் சிறிதும் சம்மதமில்லை. அந்த முறை கற்றது எதிலிருந்து? 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில், அரை நூற்றாண்டுக்காலம் படிகவியலாளர்கள் ஒவ்வொன்றாகப் பாடுபட்டுச் சேர்த்த அமைப்புகளிலிருந்து. அந்த வங்கியில் ஓர் அமைப்பைச் சேர்க்க முன்வருபவர் தரும் கோணங்களை இன்றைக்கும் முதற்கண் சோதிக்கும் உரைகல்களுள் ஒன்று ராமச்சந்திரன் படமே; புள்ளிகள் கடலில் விழுந்தால், அங்கே பிழை இருக்கலாம் என்று எச்சரிக்கை எழும். ஊகம் எவ்வளவு விரைவாக வருகிறதோ, அது நிற்குமா என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு அவ்வளவுக்கு அதிகமாக வேண்டும். அந்த அறிவு இல்லாதவனிடம் 20 கோடி உருவங்கள் இருந்தும் ஒரு பயனும் இல்லை.

நம் பினாங்குக்கு இதில் சம்பந்தம் உண்டு. 1969இல் தொடங்கி மிண்டன் வளாகத்தில் வளர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பிரிவில், பேராசிரியர் ஃபுன் ஹூங் குன் நடத்திய எக்ஸ் கதிர் படிகவியல் பிரிவு, சிறு மூலக்கூறுகளின் அமைப்புகளை ஏராளமாக நிர்ணயித்து உலகப் படிகவியல் இதழ்களில் வெளியிட்டுப் பெயர்பெற்றது. சென்னையிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வந்த ஆராய்ச்சியாளர்கள் அவரோடு சேர்ந்து உழைத்து ஒரே கட்டுரையில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்தவை புரதங்கள் அல்ல. ஆயினும் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அறிவு இத்தகைய சிறு மூலக்கூறுகளிலிருந்துதான் முதலில் திரண்டது என்பதை மேலே பார்த்தோம். ஆக, ராமச்சந்திரன் விட்டுச்சென்ற வித்தை நம் தீவின் கெலுகோர் சாலையோரத்திலேயே வழங்கிவந்திருக்கிறது; நாம்தான் அதை நம் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் அறிவியற் பாடத்தைப் பற்றி இந்த நாட்டில் நாம் பேசியதெல்லாம் பெரும்பாலும் அது எந்த மொழியில் நடக்கவேண்டும் என்பதைப் பற்றியே. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதும், அந்த ஏற்பாடு பின்னர் கைவிடப்பட்டதும், 2016இல் இருமொழித் திட்டம் வந்ததும் நம் சமூகத்தை இரண்டாகப் பிரித்து விவாதிக்க வைத்தன. விவாதம் அவசியமானதே, தமிழில் கற்பிப்பதே தகும் என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். ஆனால் எந்த மொழியில் நடந்தாலும் பாடத்தின் உள்ளே இருப்பது மனப்பாடமாகவே இருக்குமானால் வென்ற கட்சியும் தோற்றதாகவே கொள்ளவேண்டும். பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் புரதம் உண்டு என்று எழுதி மதிப்பெண் வாங்கும் குழந்தை, அந்தப் புரதத்துக்கு ஓர் உருவம் உண்டென்றும், அந்த உருவத்துக்குக் காரணம் உண்டென்றும், காரணத்தைத் தன் கையாலேயே அறியமுடியும் என்றும் எப்போது கேள்விப்படப்போகிறது? படிவம் நான்கையும் ஐந்தையும் எட்டும்வரை காத்திருக்கவேண்டும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பாகைமானியைப் பிடிக்கத் தெரிந்த ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தின் அடிப்படை எட்டும்.

எளிய முறையைச் சொல்கிறேன். மணிலா அட்டையில் ஒரே அளவான சில நீள்சதுரங்களை வெட்டி, அடுத்தடுத்த இரண்டின் மூலைகளைக் கம்பியால் திருகும்படி இணைத்து, ஒவ்வோர் அட்டையின் விளிம்பிலும் அணுக்கள் நிற்கவேண்டிய இடத்தில் சிறு பந்துகளை ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் திருகிப் பார்க்கட்டும். பந்துகள் எந்தக் கோணத்தில் மோதுகின்றன, எந்தக் கோணத்தில் வழிவிடுகின்றன என்று பாகைமானியால் அளந்து கட்டத்தாளில் புள்ளியிடட்டும். அரைமணி நேரத்தில் அவர்கள் தாளில் வெற்றிடமும் தீவும் தெரியத் தொடங்கும். அவர்கள் வரைந்த அந்தக் கரடுமுரடான படத்துக்கு அருகில் 1963ஆம் ஆண்டுப் படத்தை வைத்துக் காட்டி, இதை வரைந்தவர்கள் நம் மொழி வழங்கும் நகரத்தில் இருந்தார்கள் என்று ஆசிரியர் சொன்னால் போதும். அறிவியல் மன்றத்துக்கு இதைவிடச் செலவு குறைந்த, பொருள் நிறைந்த நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. புரதத் தரவு வங்கியின் அமைப்புகளை எவரும் கட்டணமின்றித் திறந்து, கணினித் திரையில் சுழற்றிப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ராமச்சந்திரன் 1970இல் சென்னையை விட்டுப் பெங்களூருக்குச் சென்று, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் அவர் வெளியிட்ட கணித முறை, எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உட்புற உருவத்தை மீட்டெடுக்கும் சி.டி. ஸ்கேன் கலைக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. 1977இல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. 1999இல் உலகப் படிகவியல் சங்கம் ஈவால்டு பரிசை அளித்தது. நோபல் பரிசு வரவில்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தது 2022இல். பினாங்கில் அதை ஒட்டி நடந்த எந்தத் தமிழ்க் கூட்டத்தையும் நான் அறியேன். நடிகருக்கும் அரசியல்வாதிக்கும் மண்டபம் எடுத்து விழா நடத்தத் தெரிந்த சமூகத்துக்கு, ஒரு விஞ்ஞானியின் பெயரை ஒரு வகுப்பறையில் ஒரு மணி நேரம் சொல்வது கடினமான காரியமன்று.

பள்ளி வாரியத்தினரையும், தலைமையாசிரியர்களையும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரையும் நான் வேண்டுவது ஒன்றே. வருகின்ற அக்டோபர் 8ஆம் தேதியையொட்டி, உங்கள் பள்ளியில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிரியலோ பௌதிகமோ பயிலும் நம் மாணவர் ஒருவரை அழைத்து அதை நடத்தச் சொல்லுங்கள். அட்டையும் கம்பியும் பாகைமானியும் பள்ளியிலேயே இருக்கின்றன.